மலைக்குப் போகும் குழு எதைக் கொண்டுவரலாம்?

வாசகர் கேள்வி – பதில்

பழனி மலைக்குப் போவது பற்றி ஒரே சமயத்தில் நான்கு கடிதங்கள் வந்துள்ளன. மூன்று கடிதங்கள் கீழ்நாட்டிலிருந்து, ஒன்று மலையிலிருந்து. நான்கும் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை என்பதால் இந்த இதழில் சேர்த்தே பதில் தரப்படுகிறது.

கேள்வி: ‘‘எங்கள் கிராமத்தில் 18 பேர் கொண்ட உழவர் குழு இருக்கிறது. பாதிப்பேர் பெண்கள். எல்லோருக்கும் மல்லிகைதான் முக்கியப் பயிர். நான்கைந்து பேருக்குத் தென்னந்தோப்பும் உண்டு. குழுச் சேமிப்பு 36,000 ரூபாய். அதைக்கொண்டு இரண்டு நாள் கொடைக்கானல் மலைக்குப் போய், தோட்டங்களையும் அரிய செடிகளையும் பார்த்து வர ஆசை. திரும்பும்போது ஆப்பிள், பிளம்ஸ், பட்டர் ஃப்ரூட், மலைவாழை என்று வீட்டுக்கு ஐந்து கன்று வாங்கிவர 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். இந்தத் திட்டம் சரியா?’’

– வாசகி, நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: பயணம் சரி. கன்றுக்கு ஒதுக்கிய 15,000 ரூபாய்தான் சரியில்லை. காரணம் சாதாரணக் கணக்கு. உயரம் 1,000 அடி கூடினால் வெப்பம் சுமார் 2 டிகிரி குறையும். நிலக்கோட்டை ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. தடியன்குடிசை சுமார் 3,600 அடி. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. ஆக, கொடைக்கானலுக்கும் நிலக்கோட்டைக்கும் 12 டிகிரி வித்தியாசம். அந்தக் குளிரை நம்பி வாழும் செடியைக் கீழே கொண்டுவந்து எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது காய்க்காது.

ஒவ்வொரு கன்றாகப் பார்க்கலாம்.

ஆப்பிள், பிளம்ஸ், பேரிக்காய் மூன்றும் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரங்கள். குறிப்பிட்ட மணி நேரம் குளிர் கிடைத்தால்தான் மொட்டு விழித்துப் பூக்கும். கொடைக்கானலிலேயே குறைந்த குளிரில் காய்க்கும் பிளம்ஸ், பேரி வகைகள்தான் நன்றாக வருகின்றன. நிலக்கோட்டையில் இந்த மரங்கள் இலை விடலாம், பலன் தராது. மலைச்சாலை ஓரத்தில் ‘எந்த ஊரிலும் காய்க்கும்’ என்று சொல்லி விற்கும் கன்றுகளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

பட்டர் ஃப்ரூட் எனப்படும் வெண்ணெய்ப்பழம் கீழ்ப்பழனி மலையில் காபிக்கு இடையே நன்றாகக் காய்க்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி-1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. ஆனால், நிலக்கோட்டையின் கோடை வெயிலிலும் வறண்ட காற்றிலும் பூவும் பிஞ்சும் கருகிக் கொட்டும். வேரில் தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வந்து மரமே போய்விடும். விதையில் முளைத்த கன்று, தாய்மரம் போலவே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. காய்ப்புக்கு வரவும் பல வருடங்கள் ஆகும். தென்னந்தோப்பு நிழலும் சொட்டுநீரும் உள்ள ஒருவர், ஒட்டுக்கட்டிய கன்று ஒன்றை வாங்கி நட்டுச் சோதித்துப் பார்க்கலாம். அதை வருமானப் பயிராகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

மலைவாழைதான் இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது. விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற வாழைகள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் விருப்பாட்சி. சதையில் நீர்ச்சத்து குறைவு என்பதால்தான் பஞ்சாமிர்தம் கெடாமல் இருக்கிறது என்பார்கள். ஒரு காலத்தில் கீழ்ப்பழனி மலையில் 18,000 எக்டேரில் இருந்த மலைவாழை, முடிக்கொத்து நோயால் சுமார் 2,000 எக்டேருக்குச் சுருங்கிப்போனது. அந்த நோய் மண்ணாலோ, அரிவாளாலோ பரவுவதில்லை. நோயுள்ள தாய்மரத்தின் கன்றாலும், வாழை அசுவினியாலும்தான் பரவுகிறது. நோய் ஏறிய கன்று, தோண்டி எடுக்கும்போது பார்வைக்கு நல்ல கன்றாகவே தெரியும். அதைச் சாக்கில் போட்டு நிலக்கோட்டைக்குக் கொண்டுவந்தால், அங்கே பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ரஸ்தாளிக்கும் பூவனுக்கும் அசுவினி மூலம் நோய் போய்விடும். கன்று வாங்கியவருக்கு நஷ்டம் ஒரு கன்று; வாழை போட்டிருக்கும் பக்கத்துக்காரருக்கு ஓர் ஏக்கர்.

மலைவாழையைச் சமவெளியில் நட்டால் அந்த மணமும் கெட்டிச் சதையும் வருவதில்லை. எனவே, பழத்தை வாங்கிச் சாப்பிடுவதே நல்லது. வாழை வைக்க ஆசை உள்ளவர்கள், சமவெளிக்கு ஏற்ற ரகத்தில் நோய் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளைப் பற்றித் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலோ, வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ விசாரிக்கலாம்.

மலைப்பூண்டையும் விதையாக நினைக்க வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர் இல்லாவிட்டால் பூண்டு பல் பிரிவதில்லை. சமையலுக்கு வாங்கலாம். உருளைக்கிழங்கும் அப்படியே. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளை முட்டைக்கூட்டு நூற்புழு, பழனி மலையிலும் இருக்கிறது. அதன் முட்டைக்கூடுகள் கிழங்கில் ஒட்டிய மண்ணில் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். மலை உருளையை விதைக்காக எங்கேயும் எடுத்துச் செல்லக் கூடாது.

அப்படியானால் என்னதான் கொண்டுவருவது?

மிளகைப் பார்க்கலாம். மிளகு மலையில் மட்டும்தான் வரும் என்ற எண்ணத்தைப் புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு பகுதி விவசாயிகள் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். நிழலும், ஈரமும், தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் சமவெளியிலும் மிளகு காய்க்கும். குழுவில் தென்னந்தோப்பு உள்ள நான்கைந்து பேர், ஆளுக்குப் பத்துக் கொடி மட்டும் நட்டு மூன்று வருடம் பார்க்கலாம். வெட்டவெளியான மல்லிகைத் தோட்டத்துக்கு மிளகு ஒத்துவராது. பதியன் நாற்றை அரசுப் பண்ணையிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ ரசீதுடன் வாங்க வேண்டும். வாங்கிய நாற்றை நேராகத் தோப்பில் நடாமல், மூன்று, நான்கு வாரம் வீட்டோரம் தனியாக வைத்து, பூச்சியோ வாடலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடுவது நல்ல பழக்கம். இது மிளகுக்கு மட்டுமல்ல, வெளியூரிலிருந்து வரும் எந்தக் கன்றுக்கும் பொருந்தும்.

இதற்கு 3,000 ரூபாய் போதும். மீதி 12,000 ரூபாய் குழுவின் சேமிப்பிலேயே இருக்கட்டும்.

இரண்டு நாளில் எதைப் பார்க்கலாம்?

நிலக்கோட்டைக்காரர்களுக்கு வத்தலக்குண்டு பக்கம்தான். பெரும்பாலோர் அங்கிருந்து நேராகக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறிவிடுகிறார்கள். விவசாயிகள் அப்படிச் செய்யாமல், முதல் நாள் சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தடியன்குடிசை, தாண்டிக்குடிக்குப் போக வேண்டும். கீழ்ப்பழனி மலையின் விவசாயம் முழுவதும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டலக் காபி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வேலைநாளில், முன்கூட்டியே கடிதமோ தொலைபேசியோ செய்துவிட்டுப் போனால்தான் விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்க முடியும்.

ஒரு காபித் தோட்டத்தில் பொறுமையாக இரண்டு மணி நேரம் நின்றால் அடுக்குப் பயிர் என்றால் என்ன என்பது புரியும். மேலே சில்வர் ஓக், பலா போன்ற நிழல் மரங்கள். அந்த மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. நடுவில் வெண்ணெய்ப்பழம், ஆரஞ்சு, வாழை. கீழே காபிச் செடி. தரையில் ஒரு சாண் அளவுக்கு இலைச் சருகு. மண் வெளியே தெரிவதில்லை. நிழலை அளவுக்கு மீறிக் கழித்த தோட்டத்தில் காபியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் பெருகும். அதனால் ஒரு கிளையை வெட்டுவதற்குக்கூட மலை விவசாயி யோசிப்பார். தென்னந்தோப்பில் விழும் மட்டையையும் சருகையும் கொளுத்துகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மலையிலிருந்து செலவில்லாமல் கொண்டுவரக்கூடிய முதல் பொருள் இந்த மூடாக்குப் பழக்கம்தான்.

காபி பழுத்து அறுவடை நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் டிசம்பர், ஜனவரி மாதங்கள் ஏற்றவை. பூப் பார்க்க வேண்டுமானால், கோடையின் முதல் மழை விழுந்த ஒரு வாரம், பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். மல்லிகை விவசாயிகளுக்கு அந்த மணம் புதிதாக இருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். பாதையில் மண்சரிவும் உண்டு. அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கீழ்ப்பழனி மலை ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுக்குப் பெயர்பெற்றது. பச்சை நோயும் வேரழுகலும் நுனிக்கருகலும் சேர்ந்து அந்தத் தோட்டங்களைக் காலி செய்தன. மிஞ்சியிருக்கும் மரங்களைக் காட்டச் சொல்லி, வயதான விவசாயி ஒருவரிடம் அந்தக் கதையைக் கேட்க வேண்டும். ஒரே பயிரை நம்பிய தோட்டம் எப்படிப் போனது, பல பயிர் வைத்த தோட்டம் எப்படி நின்றது என்பது மல்லிகையை மட்டுமே நம்பியிருக்கும் குழுவுக்கு மிகவும் தேவையான செய்தி. தாண்டிக்குடி வட்டாரத்தில் பழங்காலத்துக் கற்திட்டைகளும் இருக்கின்றன. குழந்தைகள் வந்தால் அதையும் காட்டலாம்.

இரவு தாண்டிக்குடி அல்லது பண்ணைக்காட்டில் தங்கினால், மறுநாள் காலையில் கொடைக்கானலைத் தொட்டுவிட்டுப் பூம்பாறை, மன்னவனூர் போகலாம். பூம்பாறையில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டு, கேரட், உருளை பயிரிட்டிருப்பதைக் காணலாம். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளும் இறைச்சி முயல்களும் அங்கே வளர்க்கப்படுகின்றன. குழுவில் முயல் வளர்க்க நினைப்பவர் இருந்தால், கேட்க வேண்டிய இடம் அது. வெப்பம் முயலுக்கு ஆகாது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகை வேனில் போனால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், பைகளுக்கு மலையில் தடை உண்டு. தூக்குவாளியும் துணிப்பையும் எடுத்துப் போவது கிராமத்துக் குழுவுக்குப் புதிய விஷயமல்ல.

கடைசியாக ஒன்று. கொடைக்கானலில் ஏரியைப் பார்ப்பதுபோலவே, சோலையையும் புல்வெளியையும் பார்க்க வேண்டும். மலையின் மடிப்புகளில் அடர்ந்திருப்பது சோலை. முகடுகளில் பரந்திருப்பது புல்வெளி. பெய்த மழையை இந்த இரண்டும் வாங்கி வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகின்றன. மஞ்சளாறு, மருதாநதி, வராக நதி, குடகனாறு, சண்முகநதிக்குத் தண்ணீர் தரும் பாலாறு, பொருந்தலாறு என எல்லாம் இந்த மலையின் பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரம், தைலமரம், பைன் ஆகியவை புல்வெளியை மூடிவிட்ட இடங்களையும் அங்கே காணலாம். திண்டுக்கல், தேனி மாவட்டத்துக் கிணறுகளின் தண்ணீர்க் கணக்கு மேலேதான் எழுதப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் வீசுகிறவரைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

கேள்வி: ‘‘என் மகள் 12-ம் வகுப்பில் தாவரவியல் படிக்கிறாள். குறிஞ்சிச் செடி ஒன்றும், மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் ஒன்றும் கொண்டுவந்து வீட்டில் வளர்க்க வேண்டும் என்கிறாள். எங்கே கிடைக்கும்?’’

– வாசகர், மதுரை மாவட்டம்.

பதில்: பார்க்கக் கிடைக்கும், எடுத்துவரக் கிடைக்காது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் செடி. 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். ஒருமுறை பூத்து, விதை உதிர்த்ததும் அந்தச் செடி காய்ந்துவிடும். ஆகவே, பூப்பதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கினால் அது 12 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த விதை முழுவதும் போயிற்று. வயலில் கதிர் வரும் நேரத்தில் பயிரைப் பிடுங்குவது போன்றது இது. மதுரை வெயிலில் அது பிழைக்கவும் பிழைக்காது.

சட்டமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டுள்ளது. பிடுங்குவதும் விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம். கொடைக்கானல் காடுகளில் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதி இல்லாமல் எந்தச் செடியையும் எடுக்கக் கூடாது. காட்டு ஆர்க்கிட்டுக்கும் இதுவே விதி. ஆர்க்கிட் தன் மரத்தையும், அந்தப் பட்டையில் உள்ள பூஞ்சையையும், அந்த மூடுபனியையும் சார்ந்து வாழ்கிறது. சாலையோரத்தில் யாராவது ‘காட்டு ஆர்க்கிட்’ என்று விற்றால், அது திருட்டுச் செடி. வாங்கியவர் வீட்டில் மூன்று மாதத்தில் காயும் செடி.

குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு. வருடந்தோறும் பூப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதும் அவற்றில் உண்டு. ‘இந்த வருடமே குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று கைப்பேசியில் படம் வந்தால், அது வேறு வகையாக இருக்கலாம். எந்த வகை என்று கண்டுபிடிப்பதையே மகளுக்கு வேலையாகத் தரலாம். இலை, தண்டு, பூ ஆகியவற்றைப் படம் எடுத்து, உயரத்தையும் தேதியையும் குறித்து வைத்தால் அதுவே நல்ல தாவரவியல் ஏடு. கொடைக்கானலில் பிரையண்ட் பூங்கா 1908-ல் அமைக்கப்பட்டது. மலர்ச் செடிகளையும் மரங்களையும் அங்கே சாவகாசமாகப் பார்க்கலாம். குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-ல் கட்டப்பட்டது. அதைக் கட்டியவர், இந்து சமயத்தைத் தழுவி இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த ஐரோப்பியப் பெண்மணி. வீட்டில் வளர்க்க ஆர்க்கிட் வேண்டுமென்றால், சமவெளி வெப்பத்தைத் தாங்கும் டென்ட்ரோபியம் கலப்பு வகைகள் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும். அதுதான் நேர்மையான வழி.

கேள்வி: ‘‘என் மகன் நண்பர்கள் ஆறு பேரோடு மலையில் நடக்கப் போகிறேன் என்கிறான். யாரோ வழி காட்டுவார்களாம். குரங்கணியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அனுப்ப பயமாக இருக்கிறது.’’

– வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: அந்தத் தாயின் பயம் நியாயமானது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், வேலைக்குப் போகும் பெண்கள். காய்ந்த புல், மேல்நோக்கி ஏறும் காற்று, செங்குத்தான சரிவு என்று மூன்றும் சேர்ந்தால் தீயை ஓடி முந்த முடியாது. மாசி, பங்குனி மாதங்களில் மலைப்புல் எவ்வளவு காய்ந்திருக்கும் என்பது அடிவாரத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போகாதே என்று சொல்வதைவிட, முறையாகப் போ என்று சொல்வது பலன் தரும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைக் கிராமத்து இளைஞர்கள். பயணக் கட்டணத்தில் அவர்களுக்கும் வருமானம் கிடைக்கிறது. தீப்பிடிக்கும் கோடைப் பருவத்தில் பாதைகள் மூடப்படும். மூடிய காலத்தில் ‘நான் கூட்டிப்போகிறேன்’ என்று சொல்பவர் எவராக இருந்தாலும் அவருடன் போகக் கூடாது.

மகனிடம் தாய் கேட்க வேண்டியவை இவை: வனத்துறை அனுமதிச் சீட்டு இருக்கிறதா? வழிகாட்டியின் பெயர் என்ன? எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுப்பலாம். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் நிறுத்தலாம். காட்டுமாடு எதிர்ப்பட்டால் படம் எடுக்க நெருங்காமல், ஒதுங்கி வழிவிட வேண்டும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் காட்டுக்குள் கூடாது. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். உப்பும் நீளமான காலுறையும் போதும்.

வட்டக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவி கிராமம் இதற்கு நல்ல உதாரணம். மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைபாதையில் இருக்கும் ஊர் அது. ஊருக்குள் அங்குள்ளவர்கள் செருப்பு அணிவதில்லை. போகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்குக்காக மகன் ஒரு நாள் ஏறி இறங்கும் பாதையில், அரிசி மூட்டையும் நோயாளியும் தோளில் போய்வந்த காலத்தை அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தால் அந்த நடை வீண்போகாது.

கேள்வி: ‘‘இரண்டரை ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கிறேன். விடுமுறை நாளில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்காமல் தோட்டத்துக்குள் வருகிறார்கள். காபிக் கொப்பை ஒடித்துப் படம் எடுக்கிறார்கள். போன மாதம் ஒருவர் வாழைக்கன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு ‘ஒரு கன்றுதானே’ என்றார். அதட்டி அனுப்பவும் மனமில்லை. வாசலில் வைத்து விற்கும் மிளகும் காபித்தூளும்தான் வாரச் செலவுக்கு உதவுகின்றன. என்ன செய்யலாம்?’’

– வாசகர், தாண்டிக்குடி பகுதி.

பதில்: வருகிறவர்களைத் தடுப்பதைவிட, வரும் வழியைத் தோட்டக்காரரே வகுத்துக்கொள்வது நல்லது.

முதலில், தோட்டத்தின் ஓரமாக ஒரே ஒரு நடைபாதை. இரு பக்கமும் கயிறு அல்லது மூங்கில் தடுப்பு. வாழை இருக்கும் பகுதி அந்தப் பாதையில் வரக் கூடாது. முடிக்கொத்து கன்றில் வரும்; ஆனால் வாடல் நோய்ப் பூஞ்சை செருப்பில் ஒட்டிய மண்ணிலும் வரும். பத்துத் தோட்டம் பார்த்துவிட்டு வருகிறவரின் செருப்பு, பத்துத் தோட்டத்து மண்ணையும் கொண்டுவருகிறது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்து, ‘செருப்பைக் கழுவிவிட்டு வாருங்கள்; எங்கள் வாழையைக் காப்பாற்றுங்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். காரணம் சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள். உள்ளே வருகிறவரும் ஒரு விவசாயியாக இருந்தால், உடனே புரிந்துகொள்வார்.

அடுத்து, நேரமும் கட்டணமும். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று நேரம் குறித்து, தோட்டக்காரரோ வீட்டிலுள்ளவரோ கூடப் போக வேண்டும். ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்வது வேலை. அதற்குக் கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலவசமாகத் திறந்துவிட்ட தோட்டத்தில்தான் கொப்பு ஒடிகிறது. காசு கொடுத்து வருகிறவர் கேட்டு நடப்பார்.

மூன்றாவது, கன்று விற்பதே இல்லை என்று தீர்மானமாக இருப்பது. அவரது தோட்டத்தில் முடிக்கொத்து இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரிவது முதல் அறிகுறி. பிறகு இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அப்படி ஒரு மரம் இருந்தால், முதலில் அசுவினியைக் கட்டுப்படுத்திவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அசுவினியை விட்டுவிட்டு மரத்தை மட்டும் வெட்டினால், அது பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். பக்கத்தில் நிற்கும் கன்றுகளையும் இரக்கம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும்.

நான்காவது, விற்பனை. பொட்டலம் போட்டு விற்கும் காபித்தூளுக்கும் மிளகுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. பொட்டலத்தின் மீது தோட்டத்தின் உயரம், அறுவடை செய்த மாதம், வறுத்த தேதி மூன்றையும் எழுதினால், கடைச் சரக்குக்கும் தோட்டத்துச் சரக்குக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவருக்குத் தெரியும். மலைவாழைக் கன்று கேட்கிறவர் கையில் ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தைக் கொடுக்கலாம். அவருக்குத் தேவையானது பெரும்பாலும் அந்தச் சுவைதான், கன்று அல்ல. யாத்ரீகர்களைத் தங்க வைப்பதாக இருந்தால் அதற்குத் தனியாகப் பதிவும் அனுமதியும் வேண்டும், அவசரப்பட வேண்டாம்.

ஐந்தாவது, தனியாகச் செய்யாமல் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்வது. ஒரு தோட்டம் கன்று தர மறுத்து அடுத்த தோட்டம் கொடுத்தால் நோய் இருவருக்கும்தான். நான்கு பேரும் ஒரே விதி, ஒரே கட்டணம் என்று வைத்தால் பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

நிலக்கோட்டைக் குழு மலைக்குப் போகும்போது, தாண்டிக்குடி வட்டாரத்தில் இதுபோன்ற ஒரு தோட்டக்காரரிடம் முன்பே பேசி, அனுமதி கேட்டு, கட்டணம் கொடுத்துப் போக வேண்டும். மிளகுக்கு எவ்வளவு நிழல், சருகை எப்படிச் சேர்ப்பது, ஆரஞ்சு ஏன் போயிற்று, விலை இல்லாத வருடத்தில் எந்தப் பயிர் கைகொடுத்தது, கூலி ஆள் கிடைக்காதபோது என்ன செய்கிறார்கள் என ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துப் போகட்டும். கன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் அவரது மிளகுக்கும் காபித்தூளுக்கும் போகட்டும். திரும்பி வண்டி ஏறும் முன் செருப்பைக் கழுவ மறக்க வேண்டாம். மலையிலிருந்து மண்ணும் இறங்கி வரக் கூடாது.